மீதம் ஒரு மணி ஐம்பது நிமிடம்

அட்டைப்பெட்டியைப் பிரித்ததுமே யோகப்பிரியாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தம்பி நவீன்குமார் வாங்கி வந்திருந்தது கம்ப்யூட்டர் இல்லை, திருவிழாப் பந்தல். மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே ஏழு விசிறி, ஏழுக்கும் ஏழு நிறம். மாங்காய் லாரிகள் கிளப்பும் புழுதிக்குப் பயந்து கதவைக்கூடத் திறந்து வைக்காத அந்த முதலமடை ஸ்டூடியோவில், மேஜைக்கு நடுவே அதை வைத்து சுவிட்சைப் போட்டான். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்று அவனே ரசித்தான்.

அவள் விளக்குகளைப் பார்க்கவில்லை. ப்ராசசர் வந்த சின்ன டப்பாவைத் தேடி எடுத்து, அதன் மேல் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். எண் மாறவில்லை.

"நான் எழுதிக் குடுத்த சீட்டு எங்கடா?"

"அதெல்லாம் பாத்துப்போட்டுத்தான் வாங்குனேன். நீ எழுதுனது ஆபீசுல லெட்டர் அடிக்கிற பொட்டி. இந்தக் கார்டைத் தூக்கிப் பாரு, என்ன வெயிட்டு!"

"தூக்கிப் பாத்தா கார்டு வாங்குவாங்க? மாங்கா எடை போடறியா?"

"கோயமுத்தூர்ல பெரிய கடைக்காரனே சொன்னான், இதைவிட வேகம் கெடையாதுன்னு. உனக்கு அவனைவிடத் தெரியுமா?"

தெரியும். அதுதான் அவள் செய்த குற்றம். ஆறு வருடமாக இந்தத் தாலுகாவில் நடந்த பாதிக் கல்யாணங்களின் வீடியோவை வெட்டி ஒட்டிச் சேர்த்தவள் அவள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டபத்தில் எல்லோருக்கும் கை காட்டியது அவன். பெயர்ப்பலகையில் இருந்தது அவன் பெயர் மட்டும்.

சங்கதி இதுதான். போன வருடம் அவன் வாங்கிய புதுக் கேமரா, நிறங்களை அள்ளி வாங்கிக்கொண்டு, அத்தனையையும் இறுக்கிச் சுருட்டிப் பதிவு செய்யும். அந்தச் சுருளை விரித்தால்தான் வெட்ட முடியும், ஒட்ட முடியும். சில ப்ராசசர்களுக்குள்ளேயே அதற்கென்று ஒரு சின்னப் பாகம் இருக்கிறது. வெளியே தெரியாது, விளக்கு எரியாது. சுருட்டியதை விரிப்பதும் விரித்ததைச் சுருட்டுவதும்தான் அதன் வேலை. நவீன்குமார் அந்தப் பாகம் இல்லாத ரகத்தைப் பார்த்து வாங்கியிருந்தான், இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்று. மிச்சம் பிடித்ததை அந்தத் தடித்த கிராபிக்ஸ் கார்டில் போட்டிருந்தான். அவன் வாங்கிய கார்டு விளையாட்டுக்குப் பிரமாதம். முடிந்த படத்தைச் சுருட்டவும் கெட்டி. ஆனால் இந்தக் கேமராவின் சுருளை விரிக்க அதற்குத் தெரியாது. ஆகவே பாரம் முழுக்க அந்த மலிவு ப்ராசசர் தலையில். அது ஒவ்வொரு ஃப்ரேமாக முக்கி முனகி விரிக்கும்.

இதை அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒரு நிமிடக் காட்சியை எடுத்துப் புதுப் பெட்டியில் ஓட்டிக் காட்டினாள். மணப்பெண் ஒரு கையைத் தூக்கி, நின்று, தூக்கி, நின்று, ஏதோ போக்குவரத்துப் போலீஸ் போல அசைந்தாள். அதே காட்சியைத் தன் பழைய லேப்டாப்பில் போட்டாள். ஏதோ கம்பெனி கழித்துக் கட்டியதை அவள் காந்திபுரத்தில் வாங்கியது. மூலை உடைந்து டேப் ஒட்டியது. அதற்குள் அந்தச் சின்னப் பாகம் இருந்தது. மணப்பெண் தண்ணீர் போல நடந்து போனாள்.

"ப்ராசசரை மட்டும் மாத்தீட்டு வா. ரெண்டாயிரந்தான் வித்தியாசம். கல்யாணத்துக்கு இன்னும் இருவது நாள் இருக்குது."

நவீன்குமாரின் முகம் சுண்டியது. அவனும் பார்த்துவிட்டான், புரிந்தும்விட்டது. புரிந்ததுதான் கோளாறு. "அப்பாகிட்டப் போயி நான் தப்பா வாங்கீட்டேன்னு சொல்லோணுமாக்கும்? அது நடக்காது. ஓட்டறவளுக்குத் தெரிஞ்சா எல்லாம் ஓடும்."

அவன் சொன்னதில் அவள் கழுத்துக்குக் கத்தி இருந்தது. ஏனென்றால் அந்த இருபதாம் நாள் நடக்கப்போவது அவனுடைய கல்யாணம், அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவளுக்குத் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் அப்பா சென்னிமலை. நாற்பது ஏக்கர் மாந்தோப்புக்காரர். பூ விடும்போதே காய்க்கு விலை பேசி, பேசிய பேச்சில் நிற்பவர் என்று பெயர் வாங்கியவர். யோகப்பிரியா உடுமலைப்பேட்டையிலிருந்து கணவன் கௌசிக்கை விட்டுவிட்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கௌசிக் பைப் கடை வைத்திருப்பவன், நாலு பேர் முன்னால் தேனாகப் பேசுவான். ஒரு மத்தியானம் அவளுடைய வலது கை இரண்டு விரல்களைக் கதவு இடுக்கில் வைத்துச் சாத்தியிருந்தான். சாத்திவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டவன். அவள் வந்த அன்று அப்பா எதுவும் கேட்கவில்லை. அம்மா சின்னத்தாயியும் கேட்கவில்லை. அவள் எதற்கும் எதுவும் சொல்லாதவள், அடுப்படிக்கும் தொழுவத்துக்கும் நடப்பதோடு சரி. நவீன்குமாருக்குப் பெண் பேசப் போன இடத்தில்தான், "மூத்தவ ஊட்டுலயேதான் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் வீட்டுக்கே அவள் முள்ளாகிப்போனாள்.

அந்த சீசனில் மூன்று கல்யாணப் படங்கள் தாமதமாகி, ஆட்கள் வந்து கடை வாசலில் கத்திவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா மெதுவு என்றான் தம்பி. மெஷின் மெதுவு என்றாள் அக்கா. நிச்சயத்துக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் முன்னால் வைத்தே அப்பா சொன்னார்:

"புது மெஷின் வாங்கித் தர்றேன். இவன் கல்யாணத்தன்னைக்குக் காலைல நடக்கறது சாயங்காலம் ஏழு மணிக்கு ரிசப்சன்ல பெரிய ஸ்க்ரீன்ல ஓடோணும். ஓடுச்சுன்னா அம்மிணி சொன்னது நெசம், தப்பு மெஷின் மேல. இங்கயே இருந்துக்கட்டும், கடையையும் அவளே பாக்கட்டும். ஓடலைன்னா தப்பு அவ மேல. மாப்ளையும் அன்னைக்கு வருவாரு. அவரு கார்லயே ஏறிப் போயிரோணும்."

மெஷினை வாங்கும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்தார். ஏனுங்கப்பா என்று அவள் கேட்டதற்கு, "அவன் ஆம்பளை, நாலு கடை ஏறி எறங்குவான்" என்றார். அவன் ஒரு கடைதான் ஏறினான்.

*

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்பே இணைச்சீர் நடந்தது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளைப் பக்கத்தில் நிறுத்தி, கூறைச்சேலையின் ஒரு முனையை அவனிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுத்துச் செய்கிற சீர். அக்காளுக்குத் தம்பி வீட்டில் என்றைக்கும் உரிமை உண்டு என்பதற்கு அதுதான் சாட்சி. கூடப் பிறந்தவள் ஒருத்தி மண்டபத்திலேயே இருக்க, பெரியப்பா மகள் தமிழ்ப்ரியாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். வாழாவெட்டி கையில் கூறைச்சேலையைக் கொடுக்கலாமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியையே பதில் என்று எடுத்துக்கொண்டார்கள்.

யோகப்பிரியா அப்போது மேடைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில், வாழைத்தார்களுக்கும் ஜமுக்காளக் கட்டுகளுக்கும் நடுவே, அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாதஸ்வரம் சுவர் வழியாகக் கேட்டது. எரிச்சலாக இருந்தது. அழுகை வரவில்லை, அதுவரை நிம்மதி.

கேமராக்காரன் பிரதீப் மெமரி கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தபோது மணி ஒன்பதரை. பதினான்கு நிமிடப் படம் வேண்டும் என்பது நவீன்குமார் உத்தரவு, அதுவும் 4கேயில். கல்யாணத்துக்கு வருகிற மாங்காய் வியாபாரிகள், தேங்காய் மண்டிக்காரர்கள் எல்லோரும் அடுத்த வருட வாடிக்கை. காலையில் தாலி, சாயங்காலம் திரையில் என்று அழைப்பிதழின் பின்பக்கமே விளம்பரம் அடித்திருந்தான். தன் கல்யாணத்தையே கடைக்கு நோட்டீஸாக்கிய ஆசாமி இந்தப் பக்கத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அவள் சொன்னபடியே பெட்டி கழுத்தை அறுத்தது. ஒரு காட்சியை நகர்த்தினால் திரை உறையும். ஒரு வெட்டு வைத்தால் அரை நிமிடம் யோசிக்கும். உள்ளே அந்த முரட்டுக் கார்டு வேலையில்லாமல் நீலமும் பச்சையுமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்க, ப்ராசசர் மட்டும் நூறு சதவீதத்தில் வெந்துகொண்டிருந்தது. மத்தியானம் பந்தி முடியும்போது நாலு நிமிடப் படம்தான் ஆகியிருந்தது. அவள் சாப்பிடப் போகவில்லை. சோதனைக்காக அந்த நாலு நிமிடத்தை மட்டும் முடிந்த படமாக வெளியே எடுக்கப் பார்த்தாள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது.

பதினான்கு நிமிடத்துக்குக் கணக்குப் போட்டாள். வெளியே எடுக்க மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். இன்னும் வெட்டாத பத்து நிமிடத்தையும் சேர்த்தால் ஏழு மணியை அது தாண்டியது.

அப்போதுதான் எல்ஈடி சுவரை மேடையில் பூட்டிக்கொண்டிருந்த நெம்மாறை ஜோபி, ஒயர் தேடி உள்ளே வந்தான். அவளுக்கு ஒரு கேள்வி தோன்றியது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"ஜோபி, உங்க சுவத்துல மொத்தம் எத்தனை புள்ளி இருக்குது?"

"குறுக்கே ஆயிரத்து இருநூறு காணும் சேச்சி. எந்தா?"

"அப்ப 4கே போட்டா?"

ஜோபி சிரித்தான். "வெறுதே, வேஸ்ட்டு. நான் இங்க சின்னதாக்கித்தான் விடும். ஃபுல் எச்டியே அதுக்கு ஜாஸ்தியாக்கும்."

நவீன்குமார் கேட்ட நாலு பங்கு பெரிய படத்தை அந்தச் சுவரால் காட்டவே முடியாது. ஃபுல் எச்டி என்றால் அவளுடைய பழைய லேப்டாப்பே தாங்கும். யோகப்பிரியா ஹார்ட் டிஸ்க்கைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிடுங்கினாள். டேப் ஒட்டிய லேப்டாப்பைத் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை அதன் முதுகுக்கு நேராகத் திருப்பி வைத்தாள். ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினாள். காட்சிகள் நகர்ந்தன. கை நினைத்த இடத்தில் வெட்டு விழுந்தது. சந்தனம் வாங்கிப் பூசிக்கொள்ளும் சித்தி, தாலி கட்டும்போது கண்ணைத் துடைத்த அப்பா, பந்தியில் மூன்றாவது முறை பாயசம் கேட்ட மாமா என்று படம் தானாகக் கூடி வந்தது. இணைச்சீரும் வந்தது. தமிழ்ப்ரியா கூறைச்சேலையைப் பிடித்து நின்றாள். அந்த இடத்தைத் தூக்கி எறிய ஒரு விரல் போதும். அவள் எறியவில்லை. வெளிச்சம் அருமையாக விழுந்திருந்தது. நாற்பது நொடி வைத்தாள்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. சந்தன நிறச் சட்டையில் கௌசிக் நின்றான். இரண்டு வருடத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"இன்னும் முடியலையாட்ட இருக்குது?" என்றான். குரல் அதே தேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெதுவாப் பண்ணு, அவசரமில்லை. துணிமணி எடுத்து வெச்சுட்டயா? அந்த ரெண்டு வெரலு நல்லா மடங்குதா இப்ப?"

அவனை அந்த லேப்டாப்பாலேயே அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த இரண்டு விரலால்தான் அடுத்த வெட்டை வைத்தாள்.

"கதவைச் சாத்தீட்டுப் போங்க. புழுதி வருது."

"சாத்தறேன்," என்றான். "கையை உள்ள வெச்சுக்க."

போய்விட்டான். கடைசியாக வைத்த வெட்டையே பத்து நிமிடம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு அந்தப் பத்து நிமிடமும் வேண்டியிருந்தது. அதற்காகவும் அவனை வெறுத்தாள்.

ஐந்தே முக்காலுக்கு வெட்டி முடித்தாள். லேப்டாப்பின் அந்தச் சின்னப் பாகத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபுல் எச்டியில் போட்டு, பட்டனை அழுத்தினாள். நாற்பத்தொரு நிமிடம் என்றது. லேப்டாப் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. அவள் ஐஸ்கிரீம் வைத்திருந்த பெட்டியிலிருந்து இரண்டு ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி ஃபேனுக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறரை ஆவதற்குள் முடிந்துவிட்டது.

நவீன்குமார் கோட்டும் சூட்டுமாக வந்து, படம் முடிந்ததா என்றுகூடக் கேட்காமல் ஜோபியிடம் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினான். "இதைக் கொண்டுபோயி மேடைக்குப் பக்கத்து மேஜை மேல வைங்க. லைட்டு ஜனத்தைப் பாத்து இருக்கோணும்." பிறகு லேப்டாப்பைப் பார்த்து முகம் சுளித்தான். "இந்த ஓட்டையை மேஜை மேல வெச்சுப்போடாத. கீழ துணிக்குள்ள தள்ளு, மானம் போயிரும்."

"செரி," என்றாள். தள்ளினாள். திரைக்குப் போகும் ஒயரையும் துணிக்குள்ளேயே கொண்டுபோய் லேப்டாப்பில் சொருகினாள்.

ஏழு மணிக்குப் படம் ஓடியது.

*

அறுநூறு பேர் பார்த்தார்கள். அப்பா கண்ணைத் துடைத்த இடத்தில் பெண்கள் பக்கம் ஓவென்றது. பாயச மாமாவுக்கு விசில் பறந்தது. ஓடி முடிந்து கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்த யோகப்பிரியாவுக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது. பசி அப்போதுதான் தெரிந்தது.

நவீன்குமார் மைக்கை வாங்கினான்.

"எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க," என்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டினான். "காலைல எடுத்தது, சாயங்காலம் உங்க முன்னாடி. இதுக்குக் காரணம் நம்ம ஸ்டூடியோவுக்கு நான் புதுசா எறக்கியிருக்கற இந்த சிஸ்டம். பட்டனை அமுக்குனாப் போதும், மத்ததை அதே பாத்துக்கும்."

ஜனம் பெட்டியைப் பார்த்துக் கைதட்டியது. பெட்டி ஏழு நிறத்தில் தலையாட்டியது. உள்ளே ஒன்றும் ஓடவில்லை.

அதையும் அவள் பொறுத்திருப்பாள். அப்பா முதல் வரிசையிலிருந்து எழுந்து வந்தார், பின்னாலேயே கௌசிக். அப்பா முகத்தில் சந்தோஷம் இருந்தது. பேசிய பேச்சுப்படி, நீ இங்கேயே இரு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"நல்லா இருந்துச்சு அம்மிணி," என்றார். "மெஷினு வேகந்தான். நீ சொன்னது நெசம்."

"அப்ப நான் இங்கயே..."

"அதான் மாப்ளை ஒரு வார்த்தை சொன்னாரு." அப்பா அவளைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துப் பேசினார். "மெஷினே எல்லாம் பண்ணுதுன்னா, இங்க உனக்கு வேலை என்ன இருக்குது? நவீன் ஒரு பையனை வெச்சுப் பட்டனை அமுக்கிக்குவான். நீயும் எத்தனை நாளைக்கு இப்படியே இருப்ப? நம்ம ஊட்டுக்கு நாளைக்குப் புதுப்பொண்ணு வருது. சாப்ட்டுப்போட்டு மாப்ளையோட கெளம்பு."

மெதுவாக ஓடினால் தப்பு அவள்மேல். வேகமாக ஓடினால் பெருமை மெஷினுக்கு. அவளுக்கு எந்தப் பக்கமும் கதவு வைக்கவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பேசிய பேச்சில் நிற்பவராம்! மாங்காய்க்காரனிடம் நிற்பார். மகளிடம் நிற்க அவருக்கு என்ன அவசியம்? அவளுக்கு வந்தது சோகம் இல்லை, சுத்தமான ஆத்திரம். கௌசிக் புன்னகையோடு, "நான் பந்தில இருக்கறேன்" என்று சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தான்.

அந்த நேரம் பார்த்து, பெண்ணின் பெரிய மாமா வந்து சேர்ந்தார். பொள்ளாச்சியில் மண்டி வைத்திருப்பவர், சம்பந்தி வீட்டில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. வழியில் டயர் பஞ்சர், படத்தைத் தவறவிட்டுவிட்டார்.

"மறுக்கா போடுங்க மாப்ளே! நான் பாக்காம என்ன படம்?"

"இதா மாமா, ரெண்டே நிமிசம்," என்றான் நவீன்குமார். "அக்கா, மறுக்கா போடு."

யோகப்பிரியா குனிந்தாள். துணிக்குள் கையை விட்டு, ஒயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கண்ணாடிப் பெட்டியின் தலைமேல் வைத்தாள்.

"மெஷினு இருக்குதுல்ல. பட்டனை அமுக்கு."

"என்னக்கா வெளையாடற, எல்லாரும் பாக்கறாங்க..."

"நானும் பாக்கறேன்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரைத் தன் பெட்டியில் சொருகினான். பெட்டியின் திரை அப்படியே அந்தப் பெரிய சுவரில் எழுந்தது. ஹார்ட் டிஸ்க்கை மாட்டித் தேடினான். வெட்டி ஒட்டிய கோப்பு இருந்தது. முடிந்த படம் அதில் இல்லை. அது அவள் கக்கத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் பட்டனை அழுத்தினான். சுவரில் ஒரு நீண்ட பட்டை தோன்றியது, அதன் இடது ஓரத்தில் நகக்கண் அளவு நீலம். கீழே, பன்னிரண்டடி அகலத்துக்கு, எழுத்துக் கூட்டத் தெரிந்த எவனும் படிக்கும்படி வந்தது, மீதமுள்ள நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம்.

பின்வரிசையில் யாரோ, "படம் ஆரம்பிச்சுருச்சாட்ட இருக்குது" என்றான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. பொள்ளாச்சி மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "ஏனுங் மாப்ளே, இதான் அந்த வேகமான மெஷினுங்களா?" என்று கேட்டார். நவீன்குமாரின் காது சிவந்தது. மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். விசிறிகள் மட்டும் முழு வேகத்தில் இரைந்தன.

அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் சிரிப்பு தெரியும். சம்பந்தி வீட்டு ஆட்கள் அறுநூறு பேர் முன்னால் தன்னைப் பார்த்துச் சிரிப்பது அவருக்கு வாழ்நாளில் முதல்முறை. மேஜையைச் சுற்றி வேகமாக வந்தார்.

"அம்மிணி, அந்த ஒயரைச் சொருகு."

"மெஷினு ஓடுதுங்களேப்பா."

"மெஷினு இல்லை. நீதான். தெரியுது எனக்கு. சொருகு கண்ணு, ஒறம்பரை பாக்குது."

"அவரை அனுப்புங்க."

"ஆரை?"

"உங்க மாப்ளையை."

"செரி. அனுப்பறேன். சாப்ட்டுப்போட்டுப் போவாரு."

"சாப்பிடாம."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கேட்டது என்னவென்று அவருக்குப் புரிந்தது. கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை திரும்பி வரலாம். அடித்து விரட்டிய மாப்பிள்ளைக்குக்கூடப் பஞ்சாயத்து உண்டு. பந்தியில் உட்கார்ந்தவனைச் சாப்பிட விடாமல் எழுப்பினால் மட்டும் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. அந்த வீட்டுத் தண்ணீர் இந்த வீட்டுக்கு ஆகாது. அவர்கள் சாதிசனத்தில் அது தாலியை அறுத்துக் கையில் கொடுப்பதற்குச் சமம், கோர்ட்டில் வாங்குகிற காகிதத்தைவிடக் கெட்டி.

"இலை போட்டாச்சு அம்மிணி," என்றார். குரல் கெஞ்சியது. அவர் கெஞ்சி அவள் கேட்டதில்லை.

"மடிச்சு எடுக்கச் சொல்லுங்க."

"நான் எப்படி என்ற வாயால..."

அவள் லேப்டாப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுவரில் மீதமுள்ள நேரம் ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம். பொள்ளாச்சி மாமா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்தார்.

அப்பா திரும்பி நடந்தார். சாப்பாட்டுக் கூடத்தின் கதவு அகலமானது, மேடையிலிருந்தே உள்ளே தெரியும். முதல் வரிசை இலைகளில் கௌசிக் உட்கார்ந்திருந்தான். இலையில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே அம்மா சின்னத்தாயி கையில் பொரியல் வாளியோடு நின்றிருந்தாள். அப்பா அவன் தோளில் கை வைத்தார், குனிந்து காதில் ஏதோ சொன்னார். கௌசிக் சிரித்தபடி நிமிர்ந்தான். அப்பா இரண்டு கையையும் கூப்பி நின்றதைப் பார்த்த பிறகு சிரிப்பு போனது. பக்கத்து இலைக்காரர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அவன் சத்தமாக ஏதோ சொன்னான், மண்டபத்து இரைச்சலில் கேட்கவில்லை. ஈரக் கையை உதறிக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் பின்பக்க வாசல் வழியாகப் போனான், கார் நின்றிருந்த பக்கம்.

அந்த வெறும் இலை பந்தியில் அப்படியே கிடந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், தொடவில்லை. பரிமாறுகிறவர்களில் யாரும் கிட்டே வரவில்லை. சின்னத்தாயி வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, இலையைத் தன் கையாலேயே மடித்து எடுத்தாள்.

யோகப்பிரியா லேப்டாப்பைத் திறந்து ஒயரைச் சொருகினாள்.